மணிக்கட்டுப் பட்டை காட்டும் பந்துவீச்சு வேகத்தை நம்பலாமா?

கேள்வி: 9 பிப்ரவரி 2025, காலை

புதுச்சேரி இலாசுப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். பதினாறு வயதான என் மகன் வேகப்பந்து வீசுகிறான். அவன் கைக்கடிகாரத்தில் உள்ள ஒரு செயலி ஒவ்வொரு பந்துக்கும் வேகம் காட்டுகிறது. நேற்று மணிக்கு 127 கிலோமீட்டர் என்று காட்டியது. பயிற்சியாளரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, "அந்த வேகத்தில் வீசுகிற பையன் இன்னும் என்னிடம் ஏன் வருகிறான்?" என்றார். கடிகாரத்தை எவ்வளவு நம்பலாம்? விலை கூடிய மணிக்கட்டுப் பட்டை வாங்கினால் சரியான வேகம் தெரியுமா?

குறிப்பு: 9 பிப்ரவரி, இரவு

பந்தின் வேகத்தை அளக்கும் கருவி எதுவும் அந்தக் கடிகாரத்துக்குள் இல்லை. அசைவை அளக்க உள்ளே இருப்பவை இரண்டு உணரிகள். ஒன்று, வேகம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்று அளக்கும் முடுக்கமானி; மற்றொன்று, கை எவ்வளவு விரைவாகத் திரும்புகிறது என்று அளக்கும் சுழல்மானி, அதாவது ஜைரோ. இரண்டும் மணிக்கட்டைப் பற்றி மட்டுமே அறிந்தவை. பந்து விரலை விட்டுப் பிரிந்த பிறகு அது எங்கே போயிற்று என்பது அவற்றுக்குத் தெரியாது. எனவே செயலி மணிக்கட்டின் அசைவிலிருந்து பந்தின் வேகத்தை ஊகிக்கிறது.

முடுக்கமானியிலும் ஒரு சிக்கல் உண்டு. மேசைமேல் அசையாமல் கிடக்கும்போதும் அது 1 ஜி, அதாவது விநாடிக்கு விநாடி 9.8 மீட்டர் என்று காட்டிக்கொண்டிருக்கும். கை எந்தச் சாய்வில் இருக்கிறது என்று ஜைரோவைக் கொண்டு கணித்து, அந்த ஈர்ப்பைக் கழித்து, மீதமுள்ள முடுக்கத்தை நேரத்தோடு கூட்டிக்கொண்டே வந்தால்தான் வேகம் கிடைக்கும். சாய்வில் ஒரே ஒரு பாகை பிழைத்தாலும், நான்கு விநாடி ஓடிவந்து வீசும்போது, மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் பிழை சேர்ந்துவிடும். உங்கள் கடிகாரத்தின் முதன்மையான குறை இதுதான் என்று நினைக்கிறேன்.

குறிப்பு: 10 பிப்ரவரி

நேற்று எழுதிய கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். இரவு படுத்த பிறகு மனக்கணக்காகவே போட்டுப் பார்த்தேன். முதன்மையான குறை வேறு.

மணிக்கு 108 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 30 மீட்டர். ஓடிவரும் உடலும் தோளும் அதில் 5 மீட்டரைத் தருவதாக வைத்துக்கொள்வோம். மீதி 25 மீட்டரைக் கையின் சுழற்சி தர வேண்டும். தோளிலிருந்து பந்துவரை 72 சென்டிமீட்டர் என்றால், கை விநாடிக்கு ஏறத்தாழ 2,000 பாகை வீதத்தில் சுழல வேண்டும். ஒரு விநாடிக்கு ஐந்தரைச் சுற்று. அந்த வேகத்தில் தோளிலிருந்து 55 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் மணிக்கட்டில் மையநோக்கு முடுக்கம், அதாவது அதை வட்டத்தில் வைத்திருக்கத் தோளை நோக்கி இழுக்கும் முடுக்கம், எவ்வளவு? சுழல்வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் பெருக்கினால் ஏறத்தாழ 67 ஜி வருகிறது.

பொழுதுபோக்காக மின்னணுப் பலகை செய்பவர்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் எம்பியு-6050 சில்லின் உச்ச அளவு 16 ஜி. ஜைரோவுக்கு உச்சம் விநாடிக்கு 2,000 பாகை. பதினாறு ஜியைத் தாண்டியதும் அந்த முடுக்கமானி, படி நிரம்பிய பிறகும் நெல் கொட்டுவதைப் போல, அதே 16-ஐயே காட்டிக்கொண்டிருக்கும். மேலே சொன்ன கணக்கைப் பின்னோக்கிப் போட்டால், மணிக்கட்டு மணிக்கு 33 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும்போதே அது நிரம்பிவிடுகிறது. பேரனுக்குத் தாத்தா போடும் பந்துக்குச் சற்று மேலே இருக்கும், அவ்வளவுதான். அதற்கு மேல் கை என்ன செய்தது என்பதைச் செயலி வடிவத்திலிருந்தும் நேர இடைவெளியிலிருந்தும் ஊகிக்க வேண்டியதுதான்.

உங்கள் கடிகாரத்தில் எந்தச் சில்லு இருக்கிறது, எவ்வளவுவரை அளக்கும் என்று தயாரிப்பாளரின் விவரத்தாளில் பாருங்கள். விநாடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பதையும் பாருங்கள். நூறு முறை என்றால், இரண்டு அளவீடுகளுக்கு இடையில் கை 20 பாகை திரும்பியிருக்கும். பந்தை விடுவிக்கும் கணம் அந்த இடைவெளிக்குள் எங்கேயோ ஒளிந்துகொள்ளும்.

குறிப்பு: 11 பிப்ரவரி

கேள்வி கேட்டவர் இன்று ஒரு விவரத்தைச் சேர்த்திருக்கிறார். மகன் வலக்கையால் வீசுகிறான். கடிகாரத்தை இடக்கையில் கட்டியிருக்கிறான்.

67 ஜி, 2,000 பாகை என்று நான் நேற்று பக்கம் பக்கமாக எழுதியதெல்லாம் பந்து வீசாத கையைப் பற்றிய ஆராய்ச்சியாகப் போயிற்று. 127 என்ற எண் அந்தக் கையிலிருந்து வந்ததுதான். ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: நல்ல வேகப்பந்து வீச்சாளர் இடக்கையை உயர்த்தி விலாவை நோக்கி வேகமாக இழுப்பார், அந்த இழுப்புக்கும் பந்தின் வேகத்துக்கும் ஏதோ உறவு இருக்கக்கூடும். ஆயினும் அந்த உறவை வைத்து வேகம் சொல்வது, தவிலைக் கேட்டு நாகசுரத்தின் சுருதியைச் சொல்வதைப் போன்றது.

குறிப்பு: 16 பிப்ரவரி, ஞாயிறு

பேசிக்கொண்டிருப்பதைவிடச் செய்து பார்க்கலாம் என்று அக்காள் மகனை அழைத்துக்கொண்டு எங்கள் கடலூரின் மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் போனேன். அவனுக்கு வயது பதினெட்டு, வலக்கை மிதவேகம். என்னிடம் 200 ஜிவரை அளக்கும் ஏடிஎக்ஸ்எல்-375 சில்லும், ஒரு சிறிய பலகையும், தீப்பெட்டி அளவு மின்கலமும் இருந்தன. மூன்றையும் சேர்த்து மணிக்கட்டின் வெளிப்புறத்தில், மருந்துக்கடையில் வாங்கிய ஒட்டுப்பட்டையால் சுற்றினேன். பக்கவாட்டில் முக்காலியின் மேல் கைபேசி, விநாடிக்கு 240 படம் எடுக்கும் நிலையில்.

முதல் ஓவர் அருமையாகப் பதிவாயிற்று. இரண்டாம் ஓவரிலிருந்து எண்கள் மெல்லக் குறைந்தன. பையன் களைத்துவிட்டான் என்று நினைத்து அவனைச் சற்றே கடிந்தும்கொண்டேன். கட்டைப் பிரித்தபோதுதான் தெரிந்தது: கடலூர் வெயிலில் வியர்வை இறங்கி ஒட்டுப்பட்டை வழுக்க, உணரி முழங்கையை நோக்கி இரண்டு விரற்கடை நகர்ந்திருந்தது. ஆரம் குறைந்தால் முடுக்கமும் குறையும். ஆனால் கணக்கில் நான் பழைய ஆரத்தையே வைத்திருந்தேன். இரண்டு சென்டிமீட்டர் நழுவினாலே மணிக்கு ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் குறைத்துக் காட்டும். அதற்கு மேல் அது எலும்போடு அசையாமல் தோலோடும் தசையோடும் தனியாக ஆடவும் செய்கிறது. கடிந்ததற்காக அவனுக்கு ரோஸ்மில்க் வாங்கித் தந்தேன்.

மணிக்கட்டில் கட்டும் எந்தப் பட்டையை வாங்கினாலும், அது எவ்வளவு இறுக்கமாக, எந்த இடத்தில் நிற்கிறது என்பதை முதலில் பாருங்கள். சில்லின் தரம் பிறகுதான்.

குறிப்பு: 17 பிப்ரவரி

காணொளியை எப்படி வேகமாக மாற்றினேன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பந்து கையை விடும் படத்திலிருந்து மறுமுனை ஸ்டம்பை அடையும் படம்வரை எண்ணினேன். ஆடுகளம் 20.12 மீட்டர். வீசுபவர் தம் பக்க ஸ்டம்புக்குச் சற்று முன்னே உள்ள கிரீஸ் கோட்டுக்கு ஏறத்தாழ மேலே விடுவிப்பதால் 18.9 மீட்டர் மிஞ்சும். 110 கிலோமீட்டர் வேகமாயின் அதைக் கடக்க 148 படங்கள். ஒரு படம் தவறினால் ஒரு விழுக்காடுகூடப் பிழையில்லை.

இப்படி எழுதி முடித்துவிட்டு, மறுபடி படித்தபோது நெருடியது. பந்து தரையில் குத்துகிறதே! குத்தும்போது வேகம் இழக்கிறது, காற்றிலும் இழக்கிறது. ஆகவே எனக்குக் கிடைத்தது சராசரி வேகம். தொலைக்காட்சியில் காட்டுவதோ கையை விட்ட கணத்து வேகம். 2003 உலகக் கோப்பையில் ஷோயப் அக்தரின் பந்துக்குக் காட்டிய 161.3 கிலோமீட்டரும் அந்த வகைதான். இரண்டையும் ஒப்பிடுவது, பேருந்தின் பயண நேரத்தையும் அதன் வேகமுள்ளையும் ஒப்பிடுவதைப் போன்றது.

அப்படியானால் முதல் இரண்டு மீட்டரை மட்டும் அளக்கலாமே என்று தோன்றும். இரண்டு மீட்டரைப் பந்து பதினாறு படங்களுக்குள் கடந்துவிடும். ஒரு படம் பிழைத்தால் மணிக்கு 7 கிலோமீட்டர் போயிற்று. தூரம் நீண்டால் சராசரியாகிவிடுகிறது. குறுகினால் எண்ணிக்கை பிழைக்கிறது. முடிவில், கையிலிருந்து குத்தும் இடம்வரை எடுத்துக்கொண்டு, காற்றின் தடைக்கு ஈடாக மணிக்கு ஐந்து கிலோமீட்டரைச் சேர்ப்பதென்று வைத்துக்கொண்டேன். அந்த ஐந்து, 160 கிராம் எடையுள்ள தோல் பந்துக்குப் பொருந்துவது. டென்னிஸ் பந்தின் எடை 58 கிராம் அளவே. அதே வேகத்தில் அது ஏறத்தாழ மூன்று மடங்கு விரைவாக வேகம் இழக்கும். தேவனாம்பட்டினம் கடற்கரையில் மாலைக் கடற்காற்றுக்கு எதிராக டென்னிஸ் பந்து வீசியவர்களுக்கு இதைக் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

எந்தப் பந்து என்பதும் மணிக்கட்டுப் பட்டைக்குத் தெரியாது. பந்தே இல்லாமல் வெறுங்கையைச் சுழற்றினாலும் அது ஒரு வேகம் சொல்லும். வீட்டுக் கூடத்தில் செய்து பார்த்தேன். மணிக்கு 71 கிலோமீட்டர் என்றது. மின்விசிறி தப்பியது.

குறிப்பு: 20 பிப்ரவரி

முடுக்கத்தைக் கூட்டிக் கூட்டி வேகம் காண்பதைப் பற்றி 9-ஆம் தேதி எழுதியதற்கு மீண்டும் வருகிறேன். அங்கே ஈர்ப்பால் வரும் பிழையை மட்டும் சொன்னேன். ஒரு பாகைச் சாய்வுப் பிழை 1 ஜியைத் தவறான பக்கம் திருப்பும்போதே அவ்வளவு சேதம். கை சுழலும்போது திரும்புவதோ 67 ஜி. ஜைரோவின் அளவுகோல் ஒரு விழுக்காடு தவறினால், ஒரு முழுச் சுற்றில் 3.6 பாகை பிழை. அந்தப் பிழையோடு 67 ஜியைக் கூறுபோட்டால் 4 ஜிக்கு மேல் தவறான திசையில் சேரும். அது ஐம்பது மில்லி விநாடி மட்டுமே நீடித்தாலும் மணிக்கு 7 கிலோமீட்டருக்கு மேல் பிழை. ஓடிவரும்போது சேரும் பிழையைவிடச் சுழலும் அந்தக் கணத்தில் சேரும் பிழை பெரிது.

அதனால்தான் நான் கூட்டும் வழியை விட்டு, உச்ச முடுக்கத்திலிருந்து நேரடியாகச் சுழல்வேகத்தைக் கணிக்கும் வழிக்கு மாறினேன். அங்கே வர்க்கமூலம் நமக்குத் துணை நிற்கிறது: முடுக்கத்தில் ஐந்து விழுக்காடு பிழைத்தாலும் வேகத்தில் இரண்டரைதான் பிழைக்கும். ஆனால் தோள் ஓரிடத்தில் நிற்கும் அச்சு என்ற பொய்யான துணிபு அதில் ஒளிந்திருக்கிறது. தோளும் முன்னேறுகிறது, சாய்கிறது, வேகம் குறைகிறது.

குறிப்பு: 23 பிப்ரவரி, ஞாயிறு

இன்று 36 பந்துகள். ஒவ்வொன்றுக்கும் மணிக்கட்டின் உச்ச முடுக்கமும் காணொளி வேகமும். இரண்டையும் இணைத்து ஒரு நேர்கோடு வரைந்தேன். சராசரிப் பிழை மணிக்கு 3 கிலோமீட்டருக்கும் குறைவு! உடனே ஒரு நிறுவனம் தொடங்கிவிடலாம் போல் இருந்தது.

பையன்தான் கெடுத்தான். "மாமா, நான் எல்லாப் பந்தும் 98-லிருந்து 108-க்குள்ளேதானே போடுறேன்? நீங்க கண்ண மூடிட்டு 103-ன்னு சொன்னாலே மூணுக்குள்ள வந்திருமே" என்றான்.

சொல்லிப் பார்த்தேன். உணரியே இல்லாமல், எல்லாப் பந்துக்கும் 103 என்று வைத்தால் சராசரிப் பிழை இரண்டரை வந்தது. என் கோட்டின் பிழை இரண்டே கால். பன்னிரண்டு நாள் உழைப்பின் விலை கால் கிலோமீட்டர்.

பட்டை விற்பவர்கள் பிழை இவ்வளவுதான் என்று ஓர் எண்ணைச் சொன்னால், எவ்வளவு விரிந்த வேகங்களில் சோதித்தார்கள் என்று கேளுங்கள். யாரை வைத்துக் கணக்கைப் பழக்கினார்களோ அவரையே வைத்துச் சோதித்தார்களா, புதியவரை வைத்தா என்றும் கேளுங்கள். கை நீளமும், விரல் நீளமும், ஓட்டமும் ஆளுக்கு ஆள் மாறும். என் கோட்டை வேறொரு பையனின் பந்துகளுக்குப் பொருத்தியபோது, அவனுடைய எல்லாப் பந்துகளையும் அது 9 கிலோமீட்டர் கூட்டிச் சொன்னது. அவன் குட்டையானவன்; கை அதே விரைவில் சுழன்றாலும் ஆரம் சிறிது. தினைப்புனக் காவலில் கவண் சுழற்றியவர்கள் கயிற்றை ஏன் நீளமாக வைத்தார்கள் என்பதற்கும் இதே கணக்குதான்.

குறிப்பு: 2 மார்ச்

பந்தின் வேகத்தை அளக்கும் ரேடார் துப்பாக்கி வாங்கிவிடலாமே என்று மூவர் எழுதியிருக்கிறார்கள். புதுச்சேரியில் ஒரு நண்பரிடம் இருந்தது. ஒரு மாலைப்பொழுதுக்கு இரவல் வாங்கினேன். அது பந்தையே பார்க்கிறது, அந்த மட்டில் மணிக்கட்டுப் பட்டையைவிட மேல். 24.15 கிகாஹெர்ட்ஸ் அலையை அனுப்புகிறது. 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்தில் பட்டுத் திரும்பும்போது விநாடிக்கு 4,900 அதிர்வு அளவுக்கு மாறுகிறது. அந்த மாற்றத்தை ஒலிபெருக்கியில் விட்டால் காதாலேயே கேட்கலாம்.

ஆனால் நிற்கும் இடம் முக்கியம். பந்தின் பாதைக்கு 20 பாகை விலகி நின்றால் 6 விழுக்காடு குறைத்துக் காட்டும். 110 போகும் பந்து 103 ஆகிவிடும். பந்து மேலே படாமல் இருக்க நான் அப்படித்தான் விலகி நின்றேன். ஸ்டம்புக்கு நேர்ப்பின்னால், வலைக்கு அப்பால் நின்ற பிறகு என் காணொளிக் கணக்கும் ரேடாரும் இரண்டு கிலோமீட்டருக்குள் ஒத்துப்போயின. காணொளிக்குச் செலவு ஒன்றுமில்லை என்பதால் துப்பாக்கியைத் திருப்பித் தந்துவிட்டேன்.

குறிப்பு: 3 மார்ச்

ஒரு சிறு குறிப்பு. ஆடுகளத்தில் கடிகாரம் கட்டுவதே வேறு சிக்கலைக் கொண்டுவரும். 2018-இல் லார்ட்ஸ் டெஸ்டின்போது, பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் திறன்கடிகாரம் அணியக் கூடாதென்று சூதாட்டத் தடுப்பு அதிகாரிகள் கூறினார்கள். நம் பையன்கள்மேல் அந்த அளவு சந்தேகம் வரும் நாள் வரட்டும்.

குறிப்பு: 9 மார்ச், ஞாயிறு

இதுவரை எழுதியதில் பெரிய ஓட்டை ஒன்றை இன்று கண்டேன்.

36 பந்துகளில் வேகம் விரிந்திருக்கவில்லை அல்லவா? அதைச் சரிசெய்ய, "மெதுவாகவும் வேகமாகவும் கலந்து போடு" என்று பையனிடம் சொன்னேன். அவன் தளர்ந்து ஓடிவந்து மெதுவாகப் போட்ட பந்துகளை மணிக்கட்டு உணரி சரியாகக் குறைத்துச் சொன்னது. பிறகு அவன் என்னிடம் சொல்லாமல் மூன்று ஸ்லோயர் பந்துகளைப் போட்டான். புறங்கையைக் காட்டி, விரல்களைப் பந்தின் பக்கவாட்டில் வழுக்கி விடும் வகை. உணரி 104 என்றது. காணொளியில் எண்ணினால் 86. மூன்றிலும் ஏறத்தாழ அதே கதை. 18 கிலோமீட்டர் பிழை!

யோசித்துப் பார்த்தால் இதில் வியப்பே இல்லை. ஸ்லோயர் பந்தின் சூட்சுமமே கை அதே விரைவில் வருவதுதான். மட்டையாளர் கையைப் பார்த்து வேகத்தை ஊகிக்கிறார். பந்து விரலில் வழுக்கியதைக் கவனிக்கத் தவறி முன்னதாகவே மட்டையைச் சுழற்றிவிடுகிறார். மணிக்கட்டுப் பட்டையும் கையைப் பார்த்துத்தானே ஊகிக்கிறது? மட்டையாளர் ஏமாறும் அதே இடத்தில் அதுவும் ஏமாறுகிறது. சில்லின் உச்ச அளவைக் கூட்டினாலும், விநாடிக்கு ஆயிரம் முறை அளந்தாலும், இந்தப் பிழை ஓர் எள்ளளவும் குறையாது. கடைசி விரல் நுனியில் நடப்பது மணிக்கட்டுக்கு எட்டுவதில்லை.

பிப்ரவரி 10-ஆம் தேதி எழுதியபோது 16 ஜி உச்சத்தைத்தான் முதன்மையான குறை என்று சொன்னேன். அது காசு கொடுத்தால் தீரும் குறை. இது தீராது.

குறிப்பு: 14 மார்ச்

மாசி மகத்துக்குச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்திறங்கியதில் தேவனாம்பட்டினம் கடற்கரை நிரம்பியிருந்தது. இரண்டு நாள் பயிற்சி இல்லை. அந்த இடைவெளியில் இலாசுப்பேட்டை அன்பரின் இரண்டாம் கேள்வியை எடுத்துக்கொண்டேன். வேகம் வேண்டாம், மகன் ஒரு வாரத்தில் எத்தனை பந்து வீசுகிறான் என்று எண்ணவாவது பட்டை உதவுமா என்று கேட்டிருக்கிறார்.

உதவும் என்றுதான் முதலில் எழுத இருந்தேன். வளரும் பையன்களின் முதுகுக்கு வீசும் பந்துகளின் எண்ணிக்கை முக்கியம். பெரிய அணிகள் தோள்பட்டைகளுக்கு நடுவே உணரி வைத்து அதைக் கண்காணிக்கின்றன. என் பதிவுகளை எடுத்து எண்ணிப் பார்த்தேன். பையன் வீசியது 48. என் நிரல் எண்ணியது 79. மீதி 31-உம், எல்லையோரத்திலிருந்து அவன் பந்தை எறிந்து திருப்பியவை. முழங்கை மடங்கும் எறிதலையும் நீட்டிய கைப் பந்துவீச்சையும் பிரிக்க, எறிவதற்கு முன் ஓட்டம் இருந்ததா, முன்கால் ஊன்றும் அதிர்ச்சி இருந்ததா என்று பார்க்கும் ஒரு நிபந்தனையைச் சேர்த்தேன். 79 என்பது 51 ஆயிற்று. ஒரு நோட்டில் பென்சிலால் கோடு போட்டால் 48 வரும். நான் நோட்டைத்தான் பரிந்துரைக்கிறேன்.

பட்டை வாங்க வேண்டாம். கைபேசிக்கு ஒரு முக்காலி வாங்குங்கள்.

குறிப்பு: 23 மார்ச், ஞாயிறு

முக்காலி போதும் என்று எழுதியவனே மீண்டும் பட்டையைக் கட்டியிருக்கிறேன். காரணம் பையன். மணிக்கட்டு உணரி ஏமாறுவதை அவன் ஒரு சோதனையாக மாற்றிக்கொண்டான். ஸ்லோயர் பந்து போடும்போது காணொளி வேகம் குறைய வேண்டும், பட்டையின் எண் குறையக் கூடாது. இரண்டும் சேர்ந்து குறைந்தால் கை தளர்ந்துவிட்டது, மட்டையாளர் கண்டுபிடித்துவிடுவார் என்பது அவன் கணக்கு. ஒப்பிடுவது அவனை அவனோடு மட்டும் என்பதால் கை நீளச் சிக்கல் இல்லை. எண் உண்மையான வேகமாக இருக்கவும் தேவையில்லை. பட்டை நழுவாமல் இருந்தால் போதும். முழங்கைப் பக்கம் ஒரு நூல்பட்டையைக் கூடுதலாகச் சுற்றி அதையும் ஒருவாறு தீர்த்திருக்கிறோம்.

இன்று மாலை ஆறு பந்து. ஐந்தில் பட்டை 102-க்குக் கீழே இறங்கவில்லை. காணொளி 90-ஐத் தாண்டவில்லை. ஆறாவது பந்தில் பட்டை 93 என்றது. நான் எண்ணைச் சொல்வதற்கு முன்பே, "தெரிஞ்சுடுச்சா மாமா?" என்று கேட்டுக்கொண்டே பந்தை எடுக்கப் போய்விட்டான்.